மலை மேல் கரண்ட் திரும்பியதும் எது முதலில் ஓட வேண்டும்?

கண்ணாடி அளவையில் 18 மில்லிமீட்டர், கணினிக் கோப்பில் 36.4. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு காபி எஸ்டேட்டின் மழைக்கணக்கு இப்படி இரண்டாகப் பிரிந்து நின்ற அன்றுதான், அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் அண்ணன் சேலத்துக்கு எனக்குப் போன் போட்டார். "தம்பி, மிஷின் ஏதோ கூட்டி எழுதுது. நான் நோட்டுல எழுதினதுதான் சரி. மேல வந்து பாத்தாதான் ஆகும்."

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிறையப் பணம் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் விழும் பூ மழையை நம்பித்தான் அராபிக்கா வகைக் காபி. ஒரே சமயத்தில் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை விழுந்தால் மொட்டெல்லாம் ஒன்றாக விரியும். குறைவாகத் தூறிவிட்டுப் போனால் ஸ்பிரிங்க்ளர் போட்டு மீதியை நாம்தான் நனைக்க வேண்டும். 18 என்றால் மோட்டாரை ஓட்டு, 36 என்றால் ஓட்டாதே. கணினியை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அந்த வருடப் பூ அரைகுறையாகப் போயிருக்கும். வானிலைத் துறை அளக்கும் அதே காலை எட்டரை மணிக்கு, விடாமல் கையால் அளந்து எழுதி வந்த ரைட்டர் அண்ணனின் நோட்டுதான் காப்பாற்றியது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் ரூமில் பழைய மாடல் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று. வெளியே திறந்த இடத்தில் சாயும் வாளி மழைமானி. உள்ளே இருக்கும் சின்ன வாளி 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு தடவை சாயும். சாயும்போது ஒரு காந்தம், காந்தம் கிட்டே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சின் பக்கமாகக் கடந்து அதை மூடும். ஒரு பைத்தான் நிரல் அதைக் கவனித்து, சாய்வுக்கு ஒரு வரி, நேரத்தோடு எழுதும். இன்னொரு நிரல் அந்தக் கோப்பை 4ஜி டாங்கிள் வழியாகச் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்பும். கோடை இடி வந்தால் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஆகவே இந்தக் கருவியின் உயிரே, கரண்ட் திரும்பியதும் யாரும் தொடாமல் தானாக எழுந்து வேலையைத் தொடங்குவதில் இருக்கிறது.

இரட்டிப்பு என்றதும் முதலில் ரீட் சுவிட்சின் துள்ளல்மீதுதான் சந்தேகம் வரும். ஒரு தடவை மூடும்போது தகடு அதிர்ந்து இரண்டு மூன்று தடவை தொடுவது உண்டு. ஆனால் துள்ளல் ஒழுங்காக வராது. ஒரு சாய்வுக்கு இரண்டு, அடுத்ததற்கு ஒன்று, சில நேரம் நான்கு என்று சிதறும். இந்தக் கோப்பில் இருந்த 182 வரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டை இருந்தது. நேரம் மட்டும் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு முன்பின். சுவிட்ச் ஒழுங்காக ஒரு தடவைதான் மூடியிருக்கிறது, அதைப் பார்த்து எழுதியவர்கள்தான் இரண்டு பேர்.

ஓடும் செயல்முறைகளின், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களின், பட்டியலைப் போட்டால் இரண்டு அல்ல, மூன்று நகல்கள்! எதை யார் தொடங்கி வைத்தது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு, பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. லினக்ஸில் பின்னணி நிரல்களை, அதாவது சேவைகளை, தொடங்கிக் கண்காணிப்பது சிஸ்டம்டி, அதன் கட்டளை சிஸ்டம்சிடிஎல். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று தட்டி, பக்கத்தில் சேவையின் பெயருக்குப் பதிலாகச் செயல்முறை எண்ணைக் கொடுங்கள். அது எந்தச் சேவையின் கீழ் பிறந்தது என்று சொல்லிவிடும். முதல் நகல், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் சேவையின் கீழ். இரண்டாவது, ஆர்சி டாட் லோக்கல் என்ற பழைய தொடக்க ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஆர்சி-லோக்கல் சேவையின் கீழ். மூன்றாவது என்னுடைய உள்நுழைவின் கீழேயே இருந்தது. நான் எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கணினியிலிருந்து உள்நுழையும் முறை) வழியாக உள்ளே வந்த அந்த நொடியில், உள்நுழைந்ததும் ஓடும் பேஷ்ஆர்சி கோப்பில் யாரோ எழுதி வைத்த ஒரு வரி அதைத் தொடங்கியிருக்கிறது. மழை பெய்த அன்று யாரும் உள்நுழையவில்லை, அதனால் இரட்டிப்போடு போயிற்று. யாராவது உள்ளே இருந்திருந்தால் மும்மடங்கு.

மழைமானி இணைந்திருக்கும் ஒரே பின்னை மூன்று நிரல்கள் எப்படிப் படிக்க முடிந்தது? பின்களைப் படிக்க உதவும் பழைய ஜிபிஐஓ நூலகம் யாரையும் தடுக்காது. அதிகம் போனால் "இந்தப் பின் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, இருந்தாலும் தொடர்கிறேன்" என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு மேலே போய்விடும். அப்படிக் காட்டினாலும், திரையில்லாத பெட்டியில் அதைப் படிக்க ஆள் ஏது? லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் புதிய முறையில் ஒரு நிரல் பின்னைப் பிடித்துவிட்டால் அடுத்தது கேட்கும்போது மறுப்பு வந்துவிடும். நிரலை நான் அந்த முறைக்கு மாற்றியது பிற்பாடு.

மூன்று இடத்தில் எழுதியவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெவ்வேறு காலத்தில் வந்தவர்கள், "தானாக ஓடவில்லை" என்று எஸ்டேட்டில் சொன்னதும், தங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். முன்பு எழுதிய வரி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான், தொடக்க ஸ்கிரிப்ட்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு "ஓடினால் போதும்" என்பதை என்னால் பதிலாக ஏற்க முடியவில்லை. நமக்குப் பின் மலையேறி வருகிறவர் முதலில் எங்கே தேடுவாரோ அங்கே வைக்க வேண்டும்.

(பாதைகளையும் கட்டளைகளையும் உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகள்தான்.)

பேஷ்ஆர்சி, ப்ரொஃபைல் இரண்டும் தொடக்கத்துக்கான இடமே இல்லை. ஒருவர் ஷெல்லை, அதாவது கட்டளை தட்டும் இடத்தை, திறக்கும்போது அவருடைய சூழலை அமைப்பதற்கானவை அவை. கணினி எழுந்ததா என்பது அவற்றுக்குத் தெரியாது. யாரும் உள்நுழையாவிட்டால் ஓடாது, நான்கு பேர் உள்நுழைந்தால் நான்கு தடவை ஓடும்.

கிரானில் "அட்-ரீபூட்" என்று ஒரு வரி போடுவது அதைவிட மேல். ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத பயனருக்கும் அது கிடைக்கும். கிரான் சேவை எழும்போது அந்த வரி ஒரு தடவை ஓடும், அவ்வளவுதான். நெட்வொர்க் வந்ததா, டிஸ்க் மவுண்ட் ஆனதா (கணினியோடு இணைந்ததா) என்று அது பார்க்காது. கட்டளைகளை எந்த அடைவுகளில் (ஃபோல்டர்களில்) தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் இரண்டு மூன்று அடைவுகள்தான் இருக்கும் என்பதால், டெர்மினலில் ஓடும் கட்டளை அங்கே ஓடாமல் போகும். நிரல் செத்தால் செத்ததுதான், திரும்ப எழுப்ப ஆளில்லை.

ஆர்சி டாட் லோக்கலுக்கு மரியாதைக்குரிய வயது இருக்கிறது. 1979இல் வந்த யுனிக்ஸ் 7ஆம் பதிப்பில், இனிட் என்னும் முதல் செயல்முறை /எட்சி/ஆர்சி என்ற ஒரே ஸ்கிரிப்ட்டை ஓட்டும். தொடக்கத்தில் நடக்க வேண்டியதெல்லாம் அதற்குள் அடக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யுனிக்ஸ் வழியில், அந்தந்த இடத்துக்கு மட்டும் உரிய வரிகளைத் தனியே பிரித்து ஆர்சி டாட் லோக்கல் என்று வைத்தார்கள். அமைப்பு கொடுத்தது ஒரு கோப்பு, நீங்கள் சேர்ப்பது இன்னொரு கோப்பு. இன்று வரை நிற்கும் எல்லா முறைகளுக்கும் அந்தப் பிரிப்புதான் அடிப்படை. சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ் வேறு வழியில் போய், ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஸ்கிரிப்ட், ரன்லெவலுக்கு (கணினி இயங்கும் நிலைக்கு) ஓர் அடைவு, பெயரில் எண் போட்டு வரிசை என்று வைத்தது. 2010இல் லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள். 2015இல் வந்த டெபியன் 8 என்ற லினக்ஸ் பதிப்பு அதையே இயல்பாக எடுத்துக்கொண்டது.

சிஸ்டம்டி உள்ள டெபியன் வகை லினக்ஸில் ஆர்சி டாட் லோக்கல் கோப்பு இருந்து, அதற்கு இயக்க அனுமதியும் இருந்தால், அதற்கென்று ஒரு சேவை தானாகவே உருவாகி ஓடும். அனுமதி இல்லையென்றால் ஒரு சத்தமும் இல்லாமல் விட்டுவிடும். டெபியன் வழிக் கோப்பில் இன்னும் இரண்டு பள்ளங்கள் உண்டு. கடைசி வரியாக "எக்சிட் 0" இருக்கும். அதற்குக் கீழே எழுதியது எதுவும் ஓடாது. முதல் வரியில் ஷெல் பெயருக்குப் பின்னால் "-ஈ" இருக்கும். அதனால் நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் மீதி எல்லாம் நின்றுபோகும். எல்லாம் சரியாக ஓடினாலும், பின்னணியில் தள்ளிவிட்ட நிரலைக் கண்காணிப்பவர் யாருமில்லை.

இனி நாங்கள் செய்தது.

நிரல் கோப்பை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் வைத்தோம். லோக்கல் என்ற பெயருக்குக் கீழே இருப்பதை, மென்பொருள்களை நிறுவும் பேக்கேஜ் மேனேஜர் தொடாது. எதை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சேவைக் கோப்பை /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் வைத்தோம். பேக்கேஜ்கள் தங்கள் சேவைக் கோப்புகளை /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் வைக்கும். நம் கோப்பை அங்கே கொண்டுபோய் வைப்பது முறையல்ல, அங்கே இருப்பதைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் கோப்பு இருந்தால் எட்சியில் இருப்பதுதான் செல்லும். பேக்கேஜின் சேவையில் ஒரு வரி மட்டும் மாற்ற வேண்டுமானால் சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை போதும், அது எட்சிக்குள்ளேயே ஒரு துணைக்கோப்பை உண்டாக்கித் தரும்.

எண்ணும் வேலையையும் அனுப்பும் வேலையையும் தனித்தனிச் சேவையாகப் பிரித்ததுதான் இந்த வேலையில் முக்கியமான முடிவு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிச் சேவைக் கோப்பு பலவற்றில் "நெட்வொர்க்-ஆன்லைன் வந்த பிறகு தொடங்கு" என்ற வரி வழக்கம்போல் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணும் சேவையில் அதைப் போட்டால் என்ன ஆகும்? இடி மழையில் கரண்ட் போகிறது, வருகிறது. மலையில் அதே நேரத்தில் செல்போன் டவரும் படுத்திருக்கும். டாங்கிள் சிக்னலைத் தேடிக்கொண்டே இருக்க, காத்திருப்புச் சேவை தன் கெடு முடியும் வரை எல்லோரையும் பிடித்து நிறுத்தும். வெளியே வாளி சாய்ந்துகொண்டிருக்கும், எண்ண ஆள் இருக்காது. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் இது நடக்கும். மழை கனமாக இருக்கும் நேரத்தில்தான் அதிகம் தவறும். எண்ணும் நிரலுக்குத் தேவை ஒரு பின்னும், எழுத ஓர் அடைவும் மட்டுமே. அதனால் அதற்கு நெட்வொர்க் பற்றிய வரி எதுவும் வைக்கவில்லை.

அந்தச் சேவைக் கோப்பில் இருப்பது குறைவுதான். விளக்கம் ஒரு வரி. எக்செக்ஸ்டார்ட்டில் நிரலின் முழுப் பாதை. யூசர் என்ற இடத்தில், ஜிபிஐஓ குழுவில் சேர்த்த ஒரு தனிப் பயனர். வாளி எண்ண ரூட் எதற்கு? ஸ்டேட்டைரக்டரி என்று பெயர் கொடுத்தால் /வார்/லிப்புக்குள் அந்தப் பெயரில் அடைவை உருவாக்கி, அந்தப் பயனருக்கே உரிமையும் கொடுத்துவிடும். ரீஸ்டார்ட் "ஆல்வேஸ்", ரீஸ்டார்ட்செக் 10, அதாவது எப்போது விழுந்தாலும் பத்து நொடி கழித்து எழுப்பு. இந்தப் பத்து நொடி முக்கியம். இயல்பு அமைப்பில் பத்து நொடிக்குள் ஐந்து தடவை தொடங்கித் தொடங்கி விழுந்தால், சிஸ்டம்டி போதும் என்று விட்டுவிடும். இடைவெளி பத்து நொடியானால் அந்த வரம்பை எட்டவே எட்டாது. கடைசியில் வான்டட்பை, மல்டி-யூசர் டார்கெட். டார்கெட் என்பது பூட்டில், அதாவது கணினி எழும்போது, எட்ட வேண்டிய ஒரு நிலை. சேவையை எனேபிள் செய்யும்போது, அதாவது பூட்டில் தானாக ஓடச் சொல்லும்போது, இந்த வரியைப் பார்த்துத்தான் இணைப்பு போடப்படும். அதை எழுதாமல் விட்டால், கையால் தொடங்கினால் ஓடும், பூட்டில் ஓடாது.

அனுப்பும் சேவை ஒன்ஷாட் வகை. ஒரு தடவை ஓடி முடியும். அதை டைமர் கோப்பு ஒன்று கால் மணிக்கு ஒரு முறை எழுப்புகிறது. எனேபிள் செய்ய வேண்டியது டைமரைத்தான், சேவையை அல்ல. அனுப்பும் சேவையில் ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை எழுத வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்லும். பந்தியில் யாருக்கு அடுத்து யார் உட்காருவது என்பது ஒன்று, அவரைக் கல்யாணத்துக்கு அழைத்தோமா என்பது வேறொன்று, அழைப்பது வான்ட்ஸ். இன்னொன்று: வெறும் நெட்வொர்க் டார்கெட் என்று எழுதினால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருள் ஆகாது.

நேரத்துக்கு வருவோம். இந்தப் பழைய போர்டில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து ஓட ஆரம்பித்து, இணையம் வந்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். டைம்-சிங்க் டார்கெட்டுக்குக் காத்திரு என்று எழுதலாம். ஆனால் டைம்-வெயிட்-சிங்க் சேவையை எனேபிள் செய்யாவிட்டால் அது உண்மையில் காத்திருக்காது. செய்தால் எண்ணும் நிரல் மறுபடியும் நெட்வொர்க்குக்காக நிற்கும். எனவே டிஎஸ் 3231 கடிகாரத் துண்டு ஒன்றை ஐ-ஸ்கொயர்-சி பின்களில் மாட்டி, காயின் பேட்டரி போட்டோம். இதற்கு ஸ்கிரிப்ட்டால் தீர்வு கிடையாது, பொருள்தான் வேண்டும்.

பூட்டில் எந்தெந்த டிஸ்க்கை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இன்னொரு கண்ணி இருந்தது. காப்புப் பிரதிக்காக ஒரு பென் டிரைவை மவுண்ட் செய்யும் வரி, அதில் "டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ" என்று சொல்லும் "நோஃபெயில்" இல்லை. யாராவது பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால், பூட் தொண்ணூறு நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போய் நின்றிருக்கும். எஸ்எஸ்ஹெச்கூட வராது. அந்த "நோஃபெயிலையும்" சேர்த்தேன்.

பிறகு பழைய மூன்று வரிகளையும் எடுத்தோம். கிரானைப் பொறுத்தவரை ஒரு பயனருடைய பட்டியலைப் பார்த்தால் போதாது. ரூட்டின் பட்டியல், /எட்சி/கிரான்-டாட்-டி அடைவு எல்லாம் பார்க்க வேண்டும். சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை போட்டுச் சேவைக் கோப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்து, சிஸ்டம்டி கோப்புகளை மறுபடி படிக்க டீமன்-ரீலோட், பிறகு எனேபிள். பதிவுகள் கரண்டோடு அழியாமல் இருக்க /வார்/லாக்/ஜர்னல் அடைவை உருவாக்கினோம். இயல்பு அமைப்பில் அந்த அடைவு இல்லையென்றால், சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். எது எப்போது விழுந்தது என்று தெரிய வேண்டிய நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

ரீபூட் கட்டளை கொடுத்துப் பார்ப்பதோடு நான் திருப்தி அடையவில்லை. அது எல்லாவற்றையும் முறையாக மூடிவிட்டு எழும், மலையில் கரண்ட் அப்படிப் போவதில்லை. மெமரி கார்டின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி மாட்டினோம். டாங்கிளைக் கழற்றிவிட்டும், பென் டிரைவ் இல்லாமலும் பார்த்தோம். ரைட்டர் அண்ணன் மழைமானிப் பக்கம் நின்று வாளியைக் கையால் சாய்க்கச் சாய்க்க, நான் உள்ளே கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்வுக்கு ஒரு வரி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இப்பத்தான் என் நோட்டும் இதுவும் ஒண்ணாப் பேசுது" என்றார். பிறகு வந்த மழைகளிலும் கண்ணாடி அளவைக்கும் கோப்புக்கும் இடையே சின்ன வித்தியாசம்தான், சாயும் வாளியில் அது இயல்பு.

பழைய பதிவுகளை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தோம். இரட்டை வரிகளை நேரம் பார்த்துச் சேர்த்துவிடலாம். ஆனால் யாராவது உள்நுழைந்திருந்த நாட்களில் மூன்றும் நான்கும் கலந்து கிடந்தன. நாள் வாரியாக நோட்டோடு ஒப்பிட்டு, பொருந்தியதை மட்டும் திருத்தி வேறு கோப்பில் வைத்தோம். பொருந்தாத நாட்களுக்கு நோட்டில் உள்ளதே கணக்கு. மூலக் கோப்பை அழிக்கவில்லை.

அஸ்தம்பட்டி அலுவலகத்தில் பதிவுகளைப் பெறும் இயந்திரத்தில் ஓடுவது பிஎஸ்டி வழியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி. அங்கே சிஸ்டம்டி இல்லை, ஆனால் பிரிப்பு அதேதான். அமைப்பின் சொந்த ஸ்கிரிப்ட்கள் /எட்சி/ஆர்சி-டாட்-டி அடைவில், நாம் சேர்ப்பது /யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்சி/ஆர்சி-டாட்-டி அடைவில். ஸ்கிரிப்ட்டின் தலையில் கமென்ட் வரிகளாக, ப்ரொவைட் என்று தன் பெயரையும், ரெக்வயர் என்று தனக்கு முன்னால் வர வேண்டியவற்றையும் எழுத வேண்டும். அந்த வரிகளைப் படித்து வரிசையை உண்டாக்குவது ஆர்சிஆர்டர் என்ற நிரல். இந்த ஏற்பாடு நெட்பிஎஸ்டியிலிருந்து வந்தது. கோப்பை வைத்து இயக்க அனுமதி கொடுத்தாலும், ஆர்சி டாட் கான்ஃப் கோப்பில் அந்தச் சேவையின் பெயரோடு "எனேபிள்" சேர்த்து "எஸ்" என்று எழுதும் வரை பூட்டில் ஓடாது. சிஸ்ஆர்சி கட்டளை அந்த வரியைப் பிழையில்லாமல் எழுதித் தரும். பெறும் நிரலுக்கு ரெக்வயர் வரியில் நெட்வொர்க்கிங் என்று போட்டு, ஆர்சிஆர்டரைக் கையால் ஓட்டி, அது வரிசையில் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். அதே ஸ்டோர் ரூமில் இனி வெப்பநிலை, ஈரப்பத உணரி ஒன்றும் வரப்போகிறது. அதற்கான சேவைக் கோப்பும் மழைக் கோப்புக்குப் பக்கத்தில், எட்சிக்குள்தான்.